படைக்குப் பின்னால் வரும் வண்டி

கணினியில் போர் விளையாட்டு என்றால் துப்பாக்கியும் வெடிச்சத்தமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இன்று நான் பேச வந்தது அமைதியான வேறோர் இனத்தைப் பற்றி. திரையில் ஒரு வரைபடம். அதன் மேல் தேனடையைப் போல அறுகோணக் கட்டங்கள். கட்டங்களில் படைப்பிரிவுகள். உங்கள் முறையில் நீங்கள் நகர்த்துவீர்கள். முடித்ததும் எதிரி நகர்த்துவான். ஒரு நகர்வுக்கு அரை மணி நேரம் யோசித்தாலும் தடையில்லை. 1824இல் பிரஷ்ய ராணுவத்தின் பீரங்கிப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், வரைபடத்தில் கட்டைகளை நகர்த்திப் பகடை உருட்டும் ஆட்டம் ஒன்றை அதிகாரிகளின் பயிற்சிக்காக முன்வைத்தார். இன்றைய ஆட்டங்கள் அந்த வழி வந்தவை.

இவற்றில் என் மனத்துக்கு நெருக்கமானது ‘யூனிட்டி ஆஃப் கமாண்ட்’. குரோஷியாவில் ஒரு சிறு குழு உருவாக்கி 2011இல் வெளியிட்டது. காலம், இரண்டாம் உலகப் போரின் 1942 கோடையும் அதை ஒட்டி வந்த குளிர்காலமும். இடம், ரஷ்யாவின் தெற்கு: டான் நதி, வோல்கா நதி, காகசஸ் மலையடிவாரம், நடுவே ஸ்டாலின்கிராட். ஜெர்மானியத் தரப்பில் நின்றும் ஆடலாம், சோவியத் தரப்பில் நின்றும் ஆடலாம். போரில் நடந்த வரிசையிலேயே களங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

இந்த ஆட்டத்தின் உயிர் ரயில் பாதையில் இருக்கிறது. புதிதாக ஆடுகிறவர் எதிரியின் பலத்தை எண்ணிக்கொண்டிருப்பார். பழகியவரின் கண் தன் படைக்குப் பின்னாலேயே இருக்கும். ரொட்டி, தோட்டா, பெட்ரோல் எல்லாம் ரயிலில் வந்து, அங்கிருந்து லாரியில் படைக்குப் போகின்றன. பாதையிலிருந்து விலக விலக வழங்கல் மெலிகிறது. எதிரி பின்னால் புகுந்து அதை அறுத்துவிட்டால், எவ்வளவு வலுவான டாங்கிப் படையும் முதலில் தளர்கிறது, பிறகு தாக்கும் சக்தியையே இழக்கிறது. ஒரு குண்டுகூட அதன் மேல் விழுந்திருக்க வேண்டியதில்லை.

நிஜப் போரிலும் இப்படித்தான். சோவியத் தண்டவாளத்தின் அகலம் 1,524 மில்லிமீட்டர். ஜெர்மானியத் தண்டவாளம் 1,435. வித்தியாசம் வெறும் 89 மில்லிமீட்டர். அந்த வித்தியாசத்துக்காக, முன்னேறிய தூரமெல்லாம் தண்டவாளத்தைப் பெயர்த்து நெருக்கிப் பதித்தால்தான் ஜெர்மானிய ரயில் ஓடும். படை ஓடிய வேகத்துக்கு இந்த வேலை ஓடவில்லை. போர் வரலாற்றில் தளபதிகளின் பெயர் நிலைத்த அளவுக்கு அந்தத் தண்டவாளக்காரர்களின் பெயர் நிலைக்கவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அடுத்தது, கெடு. இத்தனை முறைக்குள் இந்த ஊரைப் பிடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு களத்திலும் ஒரு கணக்கு உண்டு. கெடு நெருங்க நெருங்கக் கை பரபரக்கும். நதிக்கரையைக் காக்க நிறுத்திவைத்த அந்த ஒரு பிரிவு சும்மாதானே நிற்கிறது, அதையும் முன்னால் தள்ளினால் என்ன என்று தோன்றும். இந்த ஆசை எழும் கணத்தில்தான் 1942 நம் மேசைக்கு வந்து சேர்கிறது.

அந்த ஆண்டு ஜூலை 23 அன்று ஹிட்லர் 45ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். முதலில் வோல்காப் பக்கம், பிறகு காகசஸ் எண்ணெய் வயல்கள் என்று வகுத்திருந்த திட்டம் அன்றோடு குலைந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடி என்றார். ஒரு படைத்தொகுதி தெற்கே போனது, இன்னொன்று கிழக்கே போனது. இருக்கிற ரயிலையும் லாரியையும் இரண்டு திசைக்கும் பங்கு போட வேண்டியதாயிற்று. தரைப்படையின் தலைமை அலுவலராக இருந்த ஹால்டருக்கும் ஹிட்லருக்கும் இடையே பிணக்கு முற்றியது. செப்டம்பரில் ஹால்டர் பதவியிழந்தார்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஆட்டத்தில் நம் கையில் இருப்பவையும் இந்த மூன்றுதான்: பிரிவின் வலு, மீதமுள்ள முறை, நிற்கிற கட்டம். மூன்றையும் கணக்குப் பார்த்துச் சொல்ல ஹால்டர் பக்கத்தில் இருந்தும், அவரை அனுப்பிவிட்டது ஹிட்லரின் தலைமை.

இப்போது தரப்பை மாற்றி, சோவியத் பக்கம் உட்காருங்கள். அதே நதிகள், அதே ஊர்கள். ஸ்டாலின்கிராடுக்குள் ஜெர்மானிய 6ஆம் படை தெருத்தெருவாகச் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறது. அதன் இரு பக்கமும் காத்து நிற்பவை ருமேனியப் படைகள். வடக்கே டான் கரையில் நிற்கும் ருமேனிய 3ஆம் படையிடம் கனரக டாங்கி எதிர்ப்புப் பீரங்கி மிகக் குறைவு; காக்க வேண்டிய தூரமோ மிக நீளம். அதன் தளபதி துமித்ரெஸ்கு முன்கூட்டியே எச்சரித்தும் பயனில்லை. 1942 நவம்பர் 19 அன்று வடக்கிலிருந்தும், மறுநாள் தெற்கிலிருந்தும் சோவியத் படைகள் பாய்ந்தன. 23ஆம் தேதி கலாச் ஊருக்கு அருகே இரண்டும் சந்தித்தன. நகரத்துக்குள் நின்ற படையை நேரே மோதி வெல்லவில்லை. அதற்குச் சோறு வரும் வழியை அடைத்தார்கள்.

ஆட்டத்தில் அந்த இரு முனைகளும் சேரும்போது நெஞ்சு படபடக்கும். அடுத்த முறையில் எதிரிப் பிரிவுகள் ஒவ்வொன்றாகச் சோர்வதைப் பார்க்கலாம். அந்த மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வளையத்துக்குள் நடந்ததை ஆட்டம் காட்டாது. உள்ளே சிக்கியவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். விமானத்தில் நாளுக்கு 500 டன் பொருள் சேர்ப்பேன் என்று ஜெர்மானிய விமானப்படைத் தலைவர் கோரிங் வாக்களித்தார். சேர்ந்தது சராசரியாக நூறு டன்னைச் சற்றே தாண்டியது. தீனி போட வழியில்லாமல் படையின் குதிரைகளில் பெரும்பகுதியை முன்பே மேற்கே அனுப்பியிருந்ததால், பீரங்கிகளை இழுக்கவும் போதிய குதிரைகள் இல்லை. மிஞ்சிய குதிரைகள் உணவாயின. டிசம்பரில் ஜெர்மானியத் தளபதி மன்ஸ்டைனின் மீட்புப் படை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு வரை வந்து நின்றுபோனது. உடைத்துக்கொண்டு வெளியேற ஹிட்லர் அனுமதிக்கவில்லை. 1943 பிப்ரவரி 2 அன்று கடைசிப் பிரிவும் சரணடைந்தது. சிறைப்பட்ட சுமார் 91,000 பேரில் வீடு திரும்பியவர்கள் ஐந்தாறாயிரம் பேர்தான்.

வென்ற தரப்பின் கணக்கு இன்னும் கனமானது. ஸ்டாலின்கிராடைக் காப்பதிலும் மீட்பதிலும் சோவியத் ராணுவம் நிரந்தரமாக இழந்தவர்கள் ஏறத்தாழ 4 லட்சத்து 80 ஆயிரம் பேர். நகரத்து மக்களின் சாவு இதில் சேராது. ஆட்டத்தில் ஒரு பிரிவு அழியும்போது அதன் சின்னம் மறைகிறது, கட்டம் காலியாகிறது, அவ்வளவுதான். அந்தக் காலிக் கட்டத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளின் பிள்ளைகள் நின்றிருந்தார்கள்.

இதற்காக இந்த ஆட்டங்களை ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன். போரைப் பற்றி வீர வசனம் பேசும் எத்தனையோ திரைப்படங்களைவிட இவை நேர்மையானவை. இவற்றில் பொறுமையாக ஆடிய ஒருவர், ‘படையை அனுப்பு, ஒரே வாரத்தில் முடித்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் எளிதில் நம்ப மாட்டார். அந்தப் படை எதைத் தின்னும், எந்த வழியாகத் திரும்பி வரும் என்று முதலில் கேட்பார்.

உங்கள் வீட்டில் பிள்ளைகள் இத்தகைய ஆட்டம் ஆடினால், விரட்டாமல் அருகில் உட்காருங்கள். அந்தப் படைக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். களம் முடிந்ததும் எதிர்த் தரப்பில் ஒருமுறை ஆடச் சொல்லுங்கள். வளர்ந்த பிள்ளையாக இருந்தால், அந்த நகரத்தில் போர்ச் செய்தியாளராக இருந்த வசீலி கிராஸ்மன் எழுதியவற்றைத் தேடிக் கையில் கொடுங்கள். வரைபடத்தில் இல்லாத மனிதர்கள் அவர் எழுத்தில் இருக்கிறார்கள்.