தோட்ட வாரியம்

பொதுவில் பயிரிடப்படும் ஒரு தோட்டத்துக்கு உறுப்பினர் விதிகள் எழுத உட்காருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே தாளைத்தான் எழுதி முடிக்கிறார்கள். உள்ளே என்ன வரக்கூடாது. யார் எந்தக் கிழமை தண்ணீர் பாய்ச்சுவது. விளைந்ததை யார், எவ்வளவு பறிக்கலாம். விஷம், உழைப்பு, பங்கு என்று சுருக்கிக்கொள்ளலாம். பின்னிரண்டும் பழைய விஷயங்கள். கூட்டாக ஏரியும் களமும் வைத்திருந்த எந்த ஊருக்கும் தெரிந்தவை. ரசாயன உரமும் பூச்சிமருந்தும் கூடாது என்ற முதல் விதிதான் புதிது. விவசாயத்தில் மட்டுமின்றி ஒழுக்கம் பற்றிய நமது சிந்தனையிலும் அது புதிது என்று எனக்குப் படுகிறது. அதைச் சரியாகப் பார்க்காததால்தான் இவ்விதிகளைப் பற்றிய பேச்சு எப்போதும் இரண்டு சலித்துப்போன முனைகளில் போய் நின்றுவிடுகிறது: மனிதன் நல்லவன், விதி வேண்டாம், மனிதன் திருடன், விதி வேண்டும்.

திருடனை எடுத்துக்கொள்வோம். பங்கு பற்றிய விதி அவனை உத்தேசித்தது. பொதுப் பாத்தியில் ஐந்து வெண்டைக்காய் கூடுதலாகப் பறிக்கிறவன், தான் எடுப்பது அடுத்தவனுடையது என்று அறிவான். உழைப்பு பற்றிய விதி சோம்பேறிக்கானது. தன் முறையைத் தட்டிக்கழிப்பதை அவனும் அறிந்தே செய்கிறான். இருவரும் தோட்டத்துக்குக் கொடுப்பதைவிட அதிகமாக அதிலிருந்து எடுத்துக்கொள்கிறவர்கள். யாரும் இல்லாத நேரத்தில் வந்து தன் கத்தரிக்கு மருந்து அடிக்கிறவன் இந்த வகைக்குள் வரமாட்டான். அவன் மற்றவர்களைவிட அதிகம் உழைக்கிறவனாகக்கூட இருக்கலாம். யாருடையதையும் அவன் எடுத்துக்கொள்ளவில்லை. காயில் சொத்தை விழுவதைப் பார்த்துச் சகிக்க முடியவில்லை, அவ்வளவுதான். அவன் குற்றம் அவன் பரிவிலிருந்து பிறக்கிறது. தன் செடி என்ற பாசம் இல்லாதவனுக்கு இந்த விதியை மீறும் சபலமே எழாது. தீமையைச் சுயநலத்தின் கிளையாக மட்டும் பார்த்துப் பழகிய நமக்கு இது சங்கடமான விஷயம்.

தமிழில் இந்தப் பாசத்துக்கு வசதியான ஒரு சொல்லும் கிடைத்திருக்கிறது. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ எந்த விவசாயியும் வயலுக்கு விஷம் அடிப்பதாகச் சொல்வதில்லை, மருந்து அடிக்கிறார். நோயுற்ற பிள்ளைக்குக் கொடுப்பதும் அதுதான், பூச்சி விழுந்த மணிலாவுக்குத் தெளிப்பதும் அதுதான். அதே ஊர்களில் ஒருவன் 'மருந்தைக் குடித்துவிட்டான்' என்று செய்தி வந்தால் மட்டும் வைத்தியம் நடந்ததாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். ஒரே சொல், ஒரே டப்பா. எந்த வாய்க்குள் போகிறது என்பதை வைத்து அர்த்தம் புரண்டுவிடுகிறது. வங்கியில் பயிர்க்கடனுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று கணக்கிடும்போது விதை, கூலியோடு உரமும் மருந்தும் சேர்ந்தே தொகையாகின்றன. மருந்து வாங்காதவன் அக்கறையற்ற விவசாயி என்று ஊரும் நினைக்கிறது, தாளும் நினைக்கிறது. இந்த நிலையில் 'விஷம் கூடாது' என்று தோட்டத்து வாசலில் எழுதிப்போட்டால் வருகிறவன் மனப்பூர்வமாகத் தலையாட்டுவான். தன்னிடம் இருப்பது மருந்து என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

கண்ணுக்குத் தெரியாமை இன்னொரு சிக்கல். திருட்டை ஒடிந்த காம்பு சொல்லிவிடும். சோம்பலைக் காய்ந்த பாத்தி சொல்லிவிடும். மருந்து பட்ட செடியோ மற்றவற்றைவிடத் தளதளவென்று நிற்கும். விதிமீறலின் அடையாளம் செழிப்பு என்றாகிவிட்டால், நன்றாக விளைந்த பாத்தியின் மேல்தான் முதலில் சந்தேகம் விழும். பிறகு அந்தத் தோட்டத்தில் நன்றாக விளைவிக்க யார் துணிவார்கள்?

என் உத்தியோகத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒருவர் போட்ட பதிவை இன்னொருவர் சரிபார்த்தால்தான் பணம் நகரும். அன்று பேரேட்டில் சுருக்கொப்பம், இன்று கணினியில் ஒப்புதல். இருபது வருஷச் சிநேகிதர் என்றாலும் இதில் விலக்கில்லை. யாரும் இதை அவமானமாக எடுத்துக்கொள்வதும் இல்லை. சந்தேகத்தை மனிதரிடமிருந்து பிரித்து நாற்காலியிடம் ஒப்படைத்துவிட்டோம். நண்பர்களை நண்பர்களே சந்தேகிக்க வேண்டிய கஷ்டத்தை விதி தன் தலையில் ஏற்றுக்கொள்கிறது. விதிகளை வெறுக்கும் எழுத்தாள நண்பர்கள் அதன் இந்த உபகாரத்தைக் கவனிப்பதில்லை. ஆனால் சந்தேகம் போன வழியில் நம்பிக்கையும் போய்விடும் என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்து மேஜைக்காரர் நேர்மையானவரா என்பது பதினைந்து வருஷம் கழித்தும் எனக்குத் தெரியாமலே இருக்கலாம். தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இல்லாதபடி எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. வங்கிக்கு இது போதும். சேர்ந்து பயிர்செய்ய வந்தவர்களுக்குப் போதுமா?

இந்த இடத்தில் நம்முடைய பழைய ஆவணம் ஒன்றைப் பார்க்கலாம். திண்டிவனத்திலிருந்து காலையில் பஸ் ஏறினால் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடக்கூடிய உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. 919, 921-ம் வருஷங்களைச் சேர்ந்தவை. குடவோலை என்ற ஒரு சொல்லுக்காக மேடைகளில் அவை படும் பாடு தெரிந்ததே. அவற்றில் ஒரு தோட்ட வாரியம் இருக்கிறது. 30 குடும்புகளிலிருந்து எடுத்த பெயர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். தோட்டமும் ஏரியும் முன்பே பார்த்தவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள்தான் சம்வத்சர வாரியத்துக்குப் போக முடியும். பதவி 360 நாள். முந்தின மூன்று வருஷங்களுக்குள் வாரியம் செய்தவருக்கு இடமில்லை. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய மாமன், மாமனார், மருமகன், அத்தை மக்களுக்கும் இல்லை. கணக்குக் காட்டாதவனைத் தண்டிப்பதோடு நில்லாமல் அவனைச் சுற்றியிருக்கும் பாசத்தையும் கட்டிப்போடுகிறது கல்வெட்டு. பொதுச்சொத்தின் எதிரி தனிமனிதப் பேராசை மட்டுமல்ல, அன்பும்தான் என்று அந்தச் சபையாருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் வாரியத்தில் உட்காருகிறவருக்கு வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும் (வேதக் கல்வி கூடுதலாக இருந்தால் அதில் பாதி போதும்); சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும்; பிரம்மதேயத்துச் சபை, ஆகவே பிராமணராக இருக்க வேண்டும்; ஆணாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். தோட்டத்தைக் கொத்தியது யார் என்று கல் பேசவில்லை. இதைச் சுட்டிக்காட்டி அந்த விதிகளை ஒதுக்கிவிடுவது சுலபம். அவற்றின் நுட்பமும் அவற்றின் குருட்டுத்தன்மையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. சமமானவர்கள் என்று முன்பே தீர்மானிக்கப்பட்டவர்களிடையே மட்டும் அவ்வளவு நுட்பமான விதிகள் சாத்தியமாயின. ஏரி விஷயமும் இதுவே. பல ஊர்களில் மடையைத் திறந்து வயல்வயலாகத் தண்ணீர் பங்கிட்ட நீர்க்கட்டி தலித். அளந்து ஊற்றிய கைக்கு அளக்கச் சொந்த நிலம் கிடையாது. குடிமராமத்து என்ற அழகான பெயரின் கீழ் இதுவும் இருந்தது. 1858-ல் ஆங்கில அரசு சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, ஏரிக்கரைக்கு ஆள் வராவிட்டால் தண்டனை என்றது. வழக்கம் சட்டமானபோது அதற்குள் எவ்வளவு கட்டாயம் ஏற்கெனவே இருந்தது என்பது பெயரிலேயே தெரிந்துவிட்டது.

விதியே வேண்டாம் என்று ஆரம்பித்தவர்களும் உண்டு. 1649 ஏப்ரலில் ஜெரார்ட் வின்ஸ்டன்லியும் தோழர்களும் இங்கிலாந்தில் சர்ரே பகுதியின் செயின்ட் ஜார்ஜ் குன்றில் புறம்போக்கைக் கொத்தி, காரட்டும் பீன்ஸும் விதைத்தார்கள். பூமி எல்லோருக்கும் பொதுவான கருவூலம். பசித்தவர் எவரும் வந்து சேர்ந்துகொள்ளலாம். ஊர்க்காரர்களும் நிலச்சுவான்தார்களும் அடித்து விரட்ட, ஒரு வருஷத்துக்குள் எல்லாம் முடிந்தது. அதே வின்ஸ்டன்லி 1652-ல் ஒரு லட்சிய சமுதாயத்துக்கான சட்டத்தொகுப்பு எழுதினார். அதில், தங்களுக்குள் நிலத்தையோ விளைச்சலையோ வாங்கி விற்கிறவர்களுக்கு மரண தண்டனை. வேலியில்லாத தோட்டத்தில் தொடங்கியவர் மூன்றே வருஷத்தில் தூக்குமேடைக்கு வந்து சேர்ந்தார். தோற்றுப்போன அன்பு எழுதும் விதிகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். நின்றுபோன சிறுபத்திரிகைகளின் கடைசி இதழ்த் தலையங்கங்களைப் படித்தவர்களுக்கு இது புரியும்.

நமது மாவட்டத்திலேயே இந்தப் பிரச்னை பெரிய அளவில் நடந்துகொண்டிருக்கிறது. 1968 பிப்ரவரி 28-ல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அதன் சாசனம் அது எவருக்கும் தனியாகச் சொந்தமில்லை, மனிதகுலம் முழுவதற்கும் உரியது என்றது. அடுத்த மூச்சிலேயே அங்கே வாழ ஒரு நிபந்தனையும் சொன்னது: தெய்விக உணர்வுக்கு மனமுவந்து ஊழியம் செய்யத் தயாராக இருக்க வேண்டும். பிறகு நிர்வாகத் தகராறு, 1980-ல் மத்திய அரசின் அவசரச் சட்டம், சுப்ரீம் கோர்ட் வழக்கு, 1988-ல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம். எவருக்கும் சொந்தமில்லை என்ற நிலையைக் காப்பாற்ற நிலத்தைச் சட்டப்படி ஒரு ஸ்தாபனத்தின் பேரில் வைக்க வேண்டியிருந்தது. இன்றும் அங்கே பண்ணை நடத்துகிறவர் நிலத்தை விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. ரசாயனம் இல்லாமல் பயிர்செய்கிறார், விளைச்சல் பொதுச் சமையலறைக்கும் பொது அங்காடிக்கும் போகிறது. அரித்துப்போன செம்மண் மேட்டைக் காடாக்கிய உழைப்பை நேரில் பார்த்தவர்கள் குறைத்துப் பேசமாட்டார்கள். ஆனால் அந்த மேட்டில் ஆடுமாடு மேய்த்தவர்களுக்கு அந்தக் கன்றுகளைச் சுற்றி எழுந்த வேலிதான் முதல் விதியாகத் தெரிந்திருக்கும். குயிலாப்பாளையத்திலிருந்தும் இடையஞ்சாவடியிலிருந்தும் தினமும் கூலிக்கு வருகிறவர்கள் அந்த விதிகளின்படி வேலை செய்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அவ்விதிகளை எழுதுகிறவர்கள் இல்லை. சுற்றியுள்ள முந்திரித் தோப்புகளில் பூவெடுக்கும் பருவத்தில் மருந்து அடித்தால் காற்று உறுப்பினர் பட்டியலைப் பார்த்து வீசப்போவதுமில்லை.

அங்கிருந்து கூப்பிடுதூரத்தில் இருக்கும் இரும்பையின் கதைகளில் கடுவெளிச் சித்தர் வருகிறார். நந்தவனத்து ஆண்டி தோண்டியை உடைத்த அந்தப் பிரசித்தமான பாட்டு அவர் பேரில்தான் வழங்குகிறது. தோண்டி என்பது உடம்பு என்று உரைகாரர்கள் சொல்லிவிட்டார்கள். நந்தவனம் யாருடையது, ஆண்டி அதில் உறுப்பினனா கூலியா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. உடைந்தது பொதுப்பானை என்றால் பாட்டின் சோகமே வேறு.

ஆரோவில் பிறந்த அதே 1968-ன் டிசம்பரில் காரெட் ஹார்டின் என்ற உயிரியலாளர் பொதுநிலத்தின் அவலம் பற்றிய தன் கட்டுரையை வெளியிட்டார். எல்லோருக்கும் திறந்திருக்கும் மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவனும் இன்னொரு மாட்டைச் சேர்ப்பான், முடிவு அழிவு. பரஸ்பரம் ஒத்துக்கொண்ட பலவந்தம்தான் வழி. எலினோர் ஆஸ்ட்ரம் 1990-ல் வெளியிட்ட நூலில் (2009-ல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது) நூற்றாண்டுகள் நீடித்த பொதுச்சொத்துகளைக் காட்டி இதற்குப் பதில் சொன்னார். ஸ்பெயினில் வலென்சியாவின் தோட்டக்கால்கள் அவற்றில் ஒன்று. வாய்க்கால் தண்ணீர் முறைப்படி வருகிறது. அடுத்த முறைக்காரன் தன் வயலோரம் வந்து காத்து நிற்கிறான். நிற்பதாலேயே முந்தினவன் அதிகம் எடுக்காமல் பார்த்துக்கொள்கிறான். கண்காணிப்பு தனி உத்தியோகமாக இல்லாமல் வேலையின் நிழலாக விழுகிறது. தவறினவனுக்கு முதலில் சின்ன அபராதம்; வெளியேற்றம் கடைசியில்தான்.

இயற்கை விவசாயத்துக்கு 2011-லிருந்து நமது அரசு நடத்தும் பங்கேற்புச் சான்று முறையில் இதன் சாயல் உண்டு. குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழு. ஒருவர் வயலை மற்றவர்கள் போய்ப் பார்த்து உத்தரவாதம் தருகிறார்கள். வெளியிலிருந்து வரும் பரிசோதகரின் சான்றிதழைவிட இது ஒழுக்கரீதியில் மேலானது என்று நினைக்கிறேன், ஏமாற்றுவது இதில் சுலபமாகவே இருந்தாலும். பரிசோதகரை ஏமாற்றினால் ஒரு தாளை ஏமாற்றியதாகிறது. பக்கத்து வயல்காரரை ஏமாற்றிவிட்டு அவரோடு டீ குடிப்பது கஷ்டம்.

தோட்டத்துக்குத் திரும்பினால், நான் சொல்லக்கூடிய விதிகள் இரண்டுதான். எந்தப் பாத்தியும் எவருக்கும் ஒரு பருவத்துக்கு மேல் சொந்தமாக இருக்கக்கூடாது. இந்தப் போகத்தில் நான் விட்டுப்போகும் மண்ணில் அடுத்த போகம் நீங்கள் விதைப்பீர்கள் என்றால், என் கத்தரியின் மேலுள்ள பாசத்துக்கு உங்கள் முகமும் வந்துவிடுகிறது. அடுத்தவனுக்குப் போகும் மண்ணை யார் பேணுவார்கள் என்று கேட்கலாம். ரசாயனத்துக்குப் பழகின நிலத்தை இயற்கை நிலமாக ஏற்க நமது சான்று விதிகள் குறுகிய காலப் பயிருக்கு இரண்டு வருஷம், பழமரத்துக்கு மூன்று வருஷம் கேட்கின்றன. இந்தத் தொழிலில் மண்ணைத் திருத்துகிற எவரும் பின்னால் வருகிறவருக்காகத்தான் திருத்துகிறார். அதற்குச் சம்மதிக்காதவர் வேறு காரணம் எதுவும் இல்லாமலே மருந்துக்கடைக்குப் போவார்.

இரண்டாவது விதி உறுப்பினர்களுக்குப் பிடிக்காது. தோட்டத்துக்குள் களை எடுக்கக் கூலிக்கு வரும் பெண்ணுக்கும், எந்தப் பாத்தியில் என்ன தெளிக்கப்பட்டது என்று எந்த உறுப்பினரையும் நிறுத்திக் கேட்கவும், பதில் திருப்தியாக இல்லாவிட்டால் கூட்டத்தில் எழுந்து சொல்லவும் உரிமை இருக்க வேண்டும். அந்த இலைகளுக்கு நடுவே குனிந்து நாள் முழுக்க மூச்சுவிடுகிறவள் அவள். உத்திரமேரூர்க் கல்லில் அவளுக்கு இடமில்லை. நாம் எழுதும் தாளிலும் இல்லையென்றால், நம்முடைய காய்கறி சுத்தமாக இருக்கலாம், தோட்டம் பொதுவானது என்று சொல்லிக்கொள்ள நமக்கு நியாயம் இல்லை.