ஊஞ்சல் கொக்கி

மயிலாப்பூரில் தாத்தா வீட்டுக் கூடத்தில் இப்போது ஊஞ்சல் இல்லை. தேக்கு உத்தரத்தில் கொக்கிகள் மட்டும் இருக்கின்றன. அதில் ஒன்றில்தான் என் ஊசலைத் தொங்கவிட்டேன். குண்டு எறிதலில் ஆண்கள் எறியும் இரும்புக் குண்டு, 7.26 கிலோ. ஐந்து வாங்கி நியூட்டன் தொட்டில் செய்வதாகத்தான் திட்டம். விலையைக் கேட்டதும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். வளையம் பற்றவைக்கக் கொண்டுபோனபோது பட்டறைக்காரர், "வார்ப்பிரும்பு சார், விரிசல் விட்டுடும்" என்று சொல்லி, துளை போட்டு மரை வெட்டி முடுக்கித் தந்தார். 3 மீட்டர் சங்கிலி.

வித்தை பலருக்கும் தெரிந்ததுதான். நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்து, குண்டை ஒன்றரை மீட்டர் இழுத்து முகவாயில் வைத்து, தள்ளாமல் விடவேண்டும். போய்த் திரும்ப மூன்றரை வினாடி. கீழே கடக்கும்போது வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர். ஆற்றல் அழிவின்மை விதிப்படி, புறப்பட்ட உயரத்தை அது தாண்டாது. தாண்டவில்லை. வீடே கைதட்டியது. "இயற்பியலை நூறு சதவீதம் நம்புறேன், அதான் அசையல" என்றேன், கொஞ்சம் திமிராகவே.

அக்கா மகளுக்கு ஒன்பது வயது. "மாமா, நானும் உக்காரட்டுமா?"

வேண்டாம் என்றேன்.

"அப்போ நூறு சதவீதம்னு சொன்னது?"

குழந்தை முன்னால் சாய்ந்துவிடலாம், விடுகிற கை தள்ளிவிடலாம் என்று சமாளித்தேன். பொய்யில்லை. வினாடிக்கு அரை மீட்டர் வேகம் கூடுதலாகக் கொடுத்தால்கூட குண்டு 2 செ.மீ. தாண்டி வரும்; மூக்குக்கு அது போதும். ஆனால் குண்டை நூலால் இழுத்துக் கட்டி, நூலை எரித்துவிட்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. அப்போதும் சம்மதித்திருக்க மாட்டேன். ஏன்?

நான் நம்பியது விதியை மட்டுமல்ல. பட்டறைக்காரரின் மரையை, என்றோ யாரோ அடித்த கொக்கியை. திரும்பும் வழியில் மரை கழன்றால் குண்டு முழங்காலுக்கு வரும். அதற்கு நியூட்டன் பொறுப்பில்லை. 1821இல் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் ஊசல் சோதனை செய்தார். அந்த மாதிரிச் சோதனைகளில் வெப்பநிலை, காற்று, வீச்சு, கடல்மட்டத்திலிருந்து உயரம் என எல்லாவற்றுக்கும் திருத்தம் போடுவார்கள். கருவி எங்கெல்லாம் ஏமாற்றும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது சோதனை. நான் காட்டியது டெமோ. (ஆபீசில் டெமோவில் ஓடியதை நம்பி ரிலீஸ் செய்துவிட்டு எத்தனை ராத்திரி விழித்திருக்கிறேன்!)

அதைவிட உறுத்தியது வேறு. அவள் உட்கார்ந்தால் ஆற்றல் விதியை நம்பி உட்கார மாட்டாள். மாமா சொன்னார் என்று உட்காருவாள். என் மூக்கை நான் பணயம் வைப்பது என் பாடு. எடைபோடத் தெரியாத ஒருத்தியின் நம்பிக்கையை வாங்கி, அதை என் கணக்கில் சேர்க்க எனக்கு உரிமை உண்டா? நான் சரியாகவே இருந்தாலும்?

இதை அவளிடம் முடிந்தவரை சொன்னேன். பாதி புரிந்திருக்கும். அன்றிரவு குண்டின் மேல் வலைப்பையை மாட்டி, அதில் 25 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டோம். ஊசலில் இழுவிசை 10 கிலோ எடையைக்கூடத் தொடாது. காலையில் மரை அசைந்திருக்கவில்லை. நாற்காலியில் தலையணையைச் சாய்த்து வைத்தோம். அக்கா பக்கத்தில் நிற்க, நூலை அவளே பற்றவைத்தாள். குண்டு போனது, வந்தது, தலையணைக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்று திரும்பியது.

"மாமா, நேத்து நீங்க உக்கார்றதுக்கு முன்னாடி மூட்டை கட்டிப் பாத்தீங்களா?"

இல்லை என்றேன்.