சிறைப்புள்ளும் அருளறமும்

உயிர்களுக்கு இன்னா செய்யாமை அறங்களுள் தலையாயது என்பது யாவர்க்கும் ஒப்ப முடிந்தது. ஆயின், சிறுபுட்களைக் கூட்டில் அடைத்துத் தினையும் நீரும் வழுவாதளித்துப் பேணுதல் அருளாமோ, அன்றோ என்பார்க்கு ஈண்டு விடை கூறுவாம்.

பகைக்கும் பசிக்கும் அஞ்சாது வாழ்தலின் அஃது அருளேயாம் என்பாருமுளர். அது பொருந்தாது, என்னை? சில்லை முதலிய குருவிகள் இனத்தொடு கூடித் திரிந்து புல்வித்துப் பொறுக்கி வாழும் இயல்பின. அவ்வியல்பைப் பறித்தபின் அளிக்கும் தினை அதற்கு ஈடாகாது. பொற்றளையும் தளையேயன்றோ? அவற்றைப் பிடித்தலும் விற்றலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும் குற்றமாம்.

அற்றேல், சிறைப்படுத்துதல் யாண்டும் தீதோவெனின், அன்று. கோடிக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் வலசைப்புட்களை ஆராயுமாற்றை நோக்குக. மெல்லிய வலையிற்பட்ட கதிர்க்குருவியைத் துணிப்பையில் இட்டு, நிழலிற் கொண்டுசென்று, நிறைகண்டு, காலில் எண் பொறித்த வளையமிட்டு, விரைவில் விட்டுவிடுவர். பையின் இருள் அதன் அச்சத்தைத் தணிக்கும். நம்மைப்போல உதரவிதானம் இன்மையின், புட்களுக்கு மார்பெலும்பு அசைதலானே மூச்சு இயங்கும். ஆகலின் மார்பை இறுகப் பற்றின் அவை மூச்சற்று மாளும். ஏறக்குறைய 10 கிராமே நிறையுடைய உடல் நெடும்பொழுது உணவின்றித் தரியாது. இவற்றையெல்லாம் அறிந்து செய்யும் அச்சிறை புள்ளினத்தின் நலங் கருதியது, எல்லையும் உடையது. ஆகவே, யார்பொருட்டு, எத்துணைப்பொழுது என்னும் இரண்டுமே சிறையின் நன்மை தீமைகளை அளக்குங் கோல் என்க.

இனி, அன்பர் சிலர் கூட்டுப்பறவையை விலைகொடுத்து வாங்கிப் பறக்கவிட்டுப் புண்ணியமென மகிழ்வர். கருத்து நன்றே, எனினும், அவர் தந்த பொருள் வேடற்குக் கூலியாய் மீண்டும் கண்ணி வைக்கத் தூண்டும். நெருக்கி அடைத்துக் கொணருங்கால் வழியில் இறந்தவை அவர் கண்ணிற் படுவதில்லை. பலநாள் அடைபட்டுச் சிறகு தளர்ந்தது, அயலிடத்து விடப்படின் பருந்துக்கு இரையாதலுங் கூடும். ஒன்றன் விடுதலை பலவற்றின் சிறைக்கு வித்தாமாயின், அஃது அறமாமாறு யாங்ஙனம்?

அங்ஙனமாயின் கண்முன் வாடும் குருவியைக் கைவிடுதலோ எனின், அதுவும் அன்று. விலைக்கு வாங்காது வனத்துறையார்க்கு அறிவித்தலே கடன். புண்பட்டு வழியிற் கிடக்கும் குருவியை, காற்றுத்துளையுடைய பெட்டியில் துணி விரித்து மூடி, வெயிலும் ஓசையும் தாக்காமல் அன்னாரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். இரக்க மிகுதியால் அதன் வாயில் நீர் புகட்டலாகாது. மூச்சுக்குழலிற் புகுந்து கொல்லும். அச்சிறுபெட்டியும் சிறையே, ஆயினும், திறத்தற்கென்றே மூடப்பட்டமையின் அருளின்பாற் படும் என்பது தெற்றென விளங்கும்.