தம்பி, பயத்தை இறக்கி வை!

விடியுமுன்னே போடியில் ஜீப் ஏறுகிறாய். முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, போடிமெட்டு கடந்து பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இறங்குகிறாய். வழுக்கும் சரிவில் பச்சைக்காய் மூட்டையைச் சுமந்து ஸ்டோருக்கு நடக்கிறாய். எச்.ஐ.வி. என்று எழுதிய சீட்டை மட்டும் டிரங்குப்பெட்டிக்கு அடியில் செருகிவிட்டு, "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று நாளைக் கடத்துகிறாய். உனக்குத்தான் எழுதுகிறேன்.

நல்லா இல்லை தம்பி! உன் எலும்பையே எடுத்துக்கொள். எலும்பு தன் முழு வலுவை எட்டுவது இருபதுகளில். அன்று சேர்த்ததை வைத்துத்தான் அறுபதிலும் மலையேற வேண்டும். எலும்புக்குள் பழையதை இடிக்கும் செல்களும் உண்டு, புதிதாகக் கட்டும் செல்களும் உண்டு. கிருமியை அடக்காமல் விட்டால் உடம்பில் அழற்சி ஓயாது. இடிப்பவை ஓங்கும், கட்டுபவை தளரும். ஒரு மாத்திரைகூடத் தொடாத இளைஞர்களிடமே எலும்பு அடர்த்தி குறைந்திருந்ததை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. வலிக்காது. சரிவில் விழுந்து முறியும்போதுதான் தெரியும்.

"மாத்திரையும் எலும்பை அரிக்குமாமே?" உண்மையை மறைக்க மாட்டேன். எச்.ஐ.வி. மாத்திரைகளில் ஒன்றான டெனோஃபோவிர் தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டில் அடர்த்தி கொஞ்சம் இறங்கும்; பிறகு பெரும்பாலும் நிலைத்துவிடும். அதற்காக மாத்திரையே வேண்டாமென்று எதிர்ப்புச் சக்தியை இழந்து, காசநோய்க்கு வாசலைத் திறந்துவிட்டு உட்காருவாயா? டாக்டரிடம் எலும்பைப் பற்றியும் வாய்விட்டுக் கேள். கேழ்வரகுக் களி சாப்பிடு. ஏலக்காட்டு நிழலிலேயே கிடக்கும் உடம்பை லீவு நாளிலாவது வெயிலில் காட்டு. பீடியையும் குவார்ட்டரையும் இன்றே விடு!

1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைச் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் கண்டறிந்தபோது கொடுக்க மருந்தில்லை. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருந்தை இலவசமாகத் தருகிறது. 2017 முதல் சிடி4 என்னும் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை எதுவானாலும் உடனே தொடங்கலாம். எத்தனை அண்ணன்மார் இதற்காக ஏங்கியே போனார்கள்! தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக உன்னிடமிருந்து யாருக்கும் தொற்றாது. கல்யாணம், பிள்ளை எல்லாம் உனக்கும் உண்டு!

ஊர் பேசுமே என்று கூசாதே. உன் சம்மதமில்லாமல் உன் நிலையை வெளியிடுவதையும், இதைக் காட்டி வேலையை விட்டு நிறுத்துவதையும் 2017-ன் எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது.

திங்கட்கிழமை மேட்டு ஜீப் உனக்கில்லாமல் போகட்டும். தேனி பஸ் ஏறு, அங்கிருந்து க.விலக்கு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் எங்கே என்று நிமிர்ந்து கேள். நேரில் போகத் தயக்கமா? இன்றிரவே எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குப் போன் போடு.