ஆதரவற்றவர்

முதியோர் உதவித்தொகையைப் பற்றி எழுதுகிறவர்கள் தொகையோடு நின்றுவிடுகிறார்கள். 1962-இல், இது சென்னை ராஜ்யமாக இருந்தபோது, மாதம் 20 ரூபாய். 2011-இல் 1,000. 2023-இல் 1,200. போதாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. என்னை உறுத்துவது மனுவில் தொகைக்கு முன்னால் வரும் சொல்: ஆதரவற்றவர்.

மகன் இருக்கிறான். அடுத்த தெருதான். கெட்டவனுமில்லை, அவனுக்கே வாரத்தில் நாலு நாள்தான் கூலி. விசாரிக்க வரும் கிராம நிர்வாக அலுவலர் கண்ணில், திண்ணையில் உட்கார்ந்து மருமகள் ஊற்றிய கஞ்சியைக் கிழவி குடிப்பது பட்டுவிட்டால் மனு சந்தேகத்துக்குரியதாகிவிடும். வறுமை போதாது, உறவும் செத்திருக்க வேண்டும். 2007-இல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டமோ மகன்மேல் மனுப் போடச் சொல்கிறது. ஒரு காகிதத்தில் அவன் இல்லை, இன்னொன்றில் அவன் எதிர்மனுதாரன். இரண்டிலும் கைநாட்டு வைக்காமல் பட்டினி கிடப்பவளைத் தாய்மையின் சிகரம் என்று நம் கதாசிரியர்கள் கொண்டாடுவார்கள்.

வாங்குகிறவனின் வாழ்க்கையைத் துருவ, கொடுக்கிறவனுக்கு உரிமை உண்டு என்ற எண்ணம் பழையது. 1908-ஆம் வருஷத்துப் பிரிட்டிஷ் சட்டம் எழுபது வயதானவருக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை தந்தது. ஒழுங்காக உழைக்காதவர், அண்மையில் சிறை சென்றவர் ஆகியோரை விலக்கியும் வைத்தது. நேபாளம் 1995-இல் 75 வயதானவர்களுக்கு 100 ரூபாய் தரத் தொடங்கியபோது வறுமையை நிரூபிக்கக் கேட்கவில்லை. அற்பத் தொகைதான். ஆனால் அதற்காக யாரும் தன் பிள்ளையை மறுதலிக்க வேண்டியிருக்கவில்லை.

பணக்காரக் கிழவனுக்கும் போய்ச் சேருமே என்கிறார் நண்பர். போகட்டும். அவனிடம் வரியாக வாங்கிக்கொள்ளலாம். அவள் வாயிலிருந்து பிடுங்கிய வாக்கியத்தை எதைக் கொண்டு திருப்பித் தருவது?

இதைத் தர்மம் என்று எண்ணுவதால்தான் இத்தனை விசாரணையும். பாக்கி என்பது என் கட்சி. ஐம்பது வருஷம் நாற்றுப் பிடுங்கியவளுக்குச் சேமநிதி கிடையாது. அவள் கூலியில் குறைந்ததெல்லாம் நம் அரிசியின் மலிவில் இருக்கிறது. கடன்காரன் கடன் கொடுத்தவளிடம் ஒழுக்கச் சான்று கேட்கும் விசித்திரம் இங்கேதான் நடக்கிறது.

மணியார்டர் போய்க் கைரேகைக் கருவி வந்திருக்கிறது. வேலை செய்தே தேய்ந்த விரலை அதனால் பல சமயம் அடையாளம் காண முடிவதில்லை. துடைத்துவிட்டு மறுபடி வை என்கிறார்கள். முந்தானையில் துடைத்துக்கொண்டு வைக்கிறாள்.