பொன்னும் பற்றும்

சபரிமலையில் பதினெட்டாம்படிக்கு மேலே முகப்பில் ‘தத்வமசி’ என்று எழுதியிருக்கும். சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்குச் செய்த உபதேசம் அது. மாலை போட்டு, தரையில் படுத்து, 41 நாள் விரதம் காத்து வருகிறவர் கூலிக்காரர் ஆனாலும் கோடீஸ்வரர் ஆனாலும் ‘சாமி’ என்றே அழைக்கப்படுவது அந்த உபதேசத்தின் பலத்தில்தான். அந்த எழுத்தைத் தாண்டிச் சில அடி நடந்தால் கருவறை வாசல். அங்கே காவல் நிற்கும் துவாரபாலகர்களின் கவசத்திலிருந்தே தங்கம் போய்விட்டது.

1998இல் தொழிலதிபர் ஒருவர் காணிக்கையாகக் கொடுத்த 30 கிலோவுக்கு மேற்பட்ட தங்கம் கோயிலின் செப்புத் தகடுகளுக்குப் போர்த்தப்பட்டது. 2019இல் துவாரபாலகர் தகடுகளை முலாம் பூசக் கழற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். மகஜரில் எழுதியது வெறும் ‘செப்புத் தகடு’. போகும்போது 42.8 கிலோ, திரும்பியபோது நான்கரை கிலோ குறைவு. 2025இல் கேரள உயர் நீதிமன்றம் தலையிட்டுச் சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்த பிறகு, கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்வம் போர்டின் முன்னாள் பொறுப்பாளர்கள் வரை கைதானார்கள். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும்.

அறத்தின் கேள்வி வேறு. இந்த வழக்கில் அடிபடும் பெயர்கள் பெரும்பாலும் கோயிலைச் சுற்றியே வாழ்ந்தவர்களுடையவை. உபயம் செய்தவர்கள், நிர்வாகம் பார்த்தவர்கள். ‘சிவன் சொத்து குல நாசம்’ என்று கேட்டு வளர்ந்த மண்ணில், சந்நிதிக்கு இத்தனை பக்கத்தில் நின்றவர்களுக்கு ஆசை எப்படி மிஞ்சியது? பக்தி அவர்களை ஏன் மாற்றவில்லை? பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். ‘எனது’ என்ற பிடியைத் தளர்த்தாத பக்தி, பக்தியின் உடை அணிந்த பற்று. அது எத்தனை மலை ஏறினாலும் ஏறியவரை இருந்த இடத்திலேயே வைத்திருக்கும்.

நூல்கள் இதில் ஒரே குரலில் பேசுகின்றன. பதஞ்சலி யோக சூத்திரத்தில் ஐந்து கிலேசங்களைச் சொல்லும்போது அவித்தையை முதலில் வைக்கிறார். நான் என்னும் எண்ணம், விருப்பு, வெறுப்பு, உயிராசை ஆகிய மற்ற நான்கும் முளைக்கும் வயல் அதுதான் என்கிறார். அந்தக் கிலேசங்களை மெலியவைக்கும் பயிற்சிகளில் ஒன்றாக ஈசுவரனிடம் தன்னை ஒப்படைப்பதையும் சேர்க்கிறார். ஆக, அவருக்குப் பக்தி என்பது அறியாமைக்கு மருந்து. மருந்தைக் குடித்தும் நோய் வளர்கிறது என்றால் குடித்தது மருந்தா என்று பார்க்க வேண்டாமா?

சைவ சித்தாந்தம் இன்னும் நெருங்கி வருகிறது. உயிருக்கு ஆணவம் எப்படி என்றால் செம்புக்குக் களிம்பு போல என்கிறார் சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார். களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று, செம்போடு கூடவே இருப்பது. மேலே பொன் பூசினால் மறையுமே தவிர நீங்காது. நீக்குவது அருள் ஒன்றுதான். திருவள்ளுவர் துறவு அதிகாரத்தை முடிக்கும்போது, பற்றில்லாத ஒருவனைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறார்; மற்றப் பற்றெல்லாம் விடவே அந்தப் பற்று. நம்மாழ்வார் திருவாய்மொழியின் தொடக்கத்திலேயே நான், எனது இரண்டையும் வேரோடு களைந்துவிட்டு இறைவனைச் சேரச் சொல்கிறார். கீதையின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் தனக்குப் பிரியமான பக்தனின் இலக்கணத்தைச் சொல்லும்போது, யாரையும் வெறுக்காதவன் என்று தொடங்கி உடனே மமகாரம் இல்லாதவன், அகங்காரம் இல்லாதவன் என்கிறான். திருமூலர் ஒரு படி மேலே போய், ஈசனிடத்திலும் ஆசை கூடாது என்று சொல்லிவிடுகிறார்.

பொன்னைப் பற்றியே பேசுவோம். திருப்புகலூரில் அப்பர் உழவாரப்பணி செய்துகொண்டிருந்தார். வயது முதிர்ந்துவிட்டது. திருமுற்றத்தில் புல் செதுக்கும் இடமெல்லாம் பருக்கைக் கற்களோடு கற்களாகப் பொன்னும் நவமணியும் மின்னின. இறைவன் வைத்த சோதனை என்கிறார் சேக்கிழார். அப்பர் என்ன செய்தார்? கல்லை எப்படி உழவாரத்தால் அள்ளினாரோ அப்படியே பொன்னையும் அள்ளி, பக்கத்துக் குளத்தில் வீசிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். கோயில் கருவூலத்தில் சேர்த்திருக்கலாமே என்று இன்றைய நிர்வாக அறிவு கேட்கும். அவர் கண்ணுக்கு அது நடப்பவர் காலில் குத்தும் குப்பை, அவ்வளவுதான். ஓட்டையும் செம்பொன்னையும் ஒன்றாகப் பார்க்கிறவர்கள் என்று அடியார் இலக்கணம் சொன்ன சேக்கிழாருக்கு அந்தக் குளம் போதிய சாட்சி. கீதையின் பதினான்காம் அத்தியாயமும் குணங்களைக் கடந்தவனுக்கு மண்கட்டியும் கல்லும் பொன்னும் சமம் என்கிறது.

மறுபக்கமும் உண்டு. அதே திருப்புகலூரில்தான் சுந்தரர் செங்கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்தார். எழுந்தபோது கல் பொன்னாகியிருந்தது. திருமுதுகுன்றத்தில் 12,000 பொன் பெற்று மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார். துன்பப்பட்டு வருகிறவன், பொருள் வேண்டி வருகிறவன் ஆகியோரையும் கண்ணன் பக்தர் வரிசையில் சேர்க்கிறான். பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்ததற்குக் கம்மலைக் கழற்றி உண்டியலில் போடும் தாயை யார் குறை சொல்ல முடியும்? சரிதான். ஆனால் திருப்புகலூரில் சுந்தரர் பொன் தேடிப் போனது பங்குனி உத்திரச் செலவுக்கு. தனக்குச் சேர்த்துவைக்க அன்று. அவரைச் சாட்சிக்கு அழைக்கிறவர்கள் அந்தப் பாதியை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

களவாடிய கையை மட்டும் கண்டித்துவிட்டுப் போவது எளிது. அந்தக் கவசங்கள் சென்னைக்கு வந்தபோது பிரபலங்களின் வீட்டில் வைத்துப் பூஜிக்கப்பட்டதாகவும் செய்திகள் வந்தன. வீடு தேடித் தெய்வத்தின் அங்கம் வருகிறது என்றால் யாருக்குத்தான் கூச்சம் வருகிறது? அடுத்த வீட்டுக்குக் கிடைக்காத தரிசனம் என்ற பெருமைதான் வருகிறது. பத்து ரூபாய் டியூப்லைட்டிலும் உபயதாரர் பெயரை எழுதி வெளிச்சத்தைப் பாதியாக்கியது நம் ஊர்ப் பழக்கம். தங்கத்தைக் கொடுத்துவிட்டு ‘நான் கொடுத்தது’ என்பதை வீட்டுக்கு எடுத்துப் போகிறவருக்கும், தங்கத்தையே எடுத்துப் போனவருக்கும் சட்டத்தில் மலையளவு வித்தியாசம். பற்றின் கணக்கில் அத்தனை இல்லை. மன்னன் காடவர்கோன் காஞ்சியில் கட்டிய கற்றளிக்கு வருவதை ஒரு நாள் தள்ளிவைத்து, திருநின்றவூரில் கையில் காசில்லாத பூசலார் நெஞ்சுக்குள் கட்டிய கோயிலுக்கு இறைவன் போன கதையைப் பெரியபுராணம் சும்மாவா சொல்கிறது?

நெய்யபிஷேகத்துக்குக் கொண்டுபோகும் முத்திரைத் தேங்காயில் நெய் ஆன்மா, ஓடு உடம்பு என்று குருசாமிகள் சொல்லித்தருகிறார்கள். நெய் ஐயப்பன் மேனியில் விழுகிறது. ஓடு ஆழி என்னும் நெருப்புக் குண்டத்தில் எரிகிறது. விரதத்தின் பாடம் முழுவதும் அந்த ஒரு தேங்காயில் இருக்கிறது. ‘நான்’ எரியாமல் மாலையை மட்டும் கழற்றிவிட்டு இறங்குகிறவர் கேட்டுக்கொள்ள வேண்டும், மேலே கொண்டுபோனது நெய்யா ஓடா என்று.

கோயிலுக்குப் பொன் வரத்தான் செய்யும். வருகிற பொன்னுக்குக் கணக்கு வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கொடுத்த பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லால் நிறுத்து, எடையையும் கல்லின் பெயரையும் சேர்த்துச் சுவரில் வெட்டிவைத்தார்கள். அரசன் கொடுத்ததற்கே அந்தக் கட்டுப்பாடு. தேவஸ்வம் போர்டு இருக்கும் தங்கத்தை மறுபடி நிறுத்து, எடையைப் பதினெட்டாம்படிக்குக் கீழே மலையாளத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதிவைக்கலாம். இனிமேல் பொன் வேண்டாம் என்றும் சேர்த்து எழுதலாம். 2011 ஜனவரியில் மகரவிளக்கு முடிந்து இறங்கிய கூட்டத்தில் புல்லுமேட்டு நெரிசலில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள், அவர்களில் பலர் தமிழ்நாட்டுக்காரர்கள். கொடுக்க மனமுள்ளவர்கள் காட்டுப்பாதைக்கு விளக்கும் தண்ணீரும் தடுப்புக் கம்பியும் கொடுக்கலாம்.