பழுதுபார்த்த பொருள் பழைய பொருள்தானா?

உயிருள்ளவற்றுக்கு நாம் கடன்பட்டவர்கள் என்பதை மறுப்பார் இல்லை. இரும்புக்கும் தோலுக்கும் ரப்பருக்கும் நாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா? மதுரைத் தெற்குவாசலில் ஒரு சைக்கிள் பட்டறையின் முன் அமர்ந்திருந்த மாலையொன்றில் இந்த வினா என்னைப் பற்றிக்கொண்டது.

என் தந்தையார் விட்டுச் சென்றவற்றுள் ஒரு ராலே சைக்கிளும் உண்டு. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் உருவானது அது. 1949இல் நம் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸும், 1956இல் லூதியானாவில் ஹீரோவும் எனத் தொழிலகங்கள் தோன்றிச் சைக்கிள் எளியவர் கைக்கும் எட்டுவதற்கு முன், சீமை வண்டி வைத்திருப்பதே ஒரு மதிப்பாகக் கருதப்பட்டது. தந்தையாரோ மதிப்புக்காக அதை வாங்கவில்லை. மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கச் செல்வதற்காகவே, பிறர் ஓட்டிக் கழித்ததை வாங்கினார். யானைமலையின் நிழலில் ஒத்தக்கடையைக் கடந்து, எதிர்க்காற்றை மிதித்து அவர் சென்ற தூரத்தை எந்தக் கணக்கும் சொல்லாது. அவர் மறைவுக்குப் பின் வண்டி நெடுநாள் சுவரோடு சாய்ந்து துருவேறிக் கிடந்தது.

பட்டறைக்காரர் அதனைக் கழற்றி, உறுப்புகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். மிதிகட்டை அச்சின் இருபுறமும் பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் அங்குலப் பால்ரஸ்கள் உதிர்ந்தன. கப்பும் கோனும் குழிவிழுந்திருந்தன. ரிம்கள் அரித்துப் போயிருந்தன. “இந்த வண்டிக்கு மரையே வேற, பாய். அங்குலத்துக்கு இருபத்தாறு. மத்ததுக்கெல்லாம் இருபத்துநாலுதான். இருக்கிறதை முறுக்கி ஏத்தினா உள்மரை போயிடும். பொருத்தமானது கிடைக்கிற வரைக்கும் பொறுத்துக்கணும்” என்றார் அவர். பழுதுபார்ப்பவன் பொருளின் இயல்புக்குக் கட்டுப்பட வேண்டும். தன் அவசரத்துக்குப் பொருளைக் கட்டுப்படுத்தலாகாது என்ற பாடத்தை அந்த எளிய மனிதர் ஒரு மரையைக் கொண்டே உணர்த்திவிட்டார்.

மாற்ற வேண்டியவற்றின் பட்டியல் நீண்டபோது, உடனிருந்த என் மகன் ஒன்று கேட்டான். “இவ்வளவையும் மாத்தின பிறகு இது அதே வண்டிதானா, அத்தா?”

பழைய கேள்விதான் இது. ஏதென்ஸ் மக்கள் தீசியஸ் என்னும் வீரனின் மரக்கலத்தைப் பாதுகாத்து, உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிவந்ததையும், அது அதே கலமா என்று தத்துவவாதிகள் வழக்காடியதையும் கிரேக்க அறிஞர் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தாமஸ் ஹாப்ஸ் முடிச்சை மேலும் இறுக்கினார்: கழித்த பலகைகளைச் சேர்த்து ஒருவன் இன்னொரு கலம் கட்டினால் எது உண்மையான கலம்? நம் அஷ்அரிய்யா கலாம் அறிஞர்களோ, பொருளின் பண்புகள் இரண்டு கணங்கள் நிலைப்பதில்லை, இறைவன் அவற்றைக் கணந்தோறும் புதிதாய்ப் படைக்கிறான் என்றனர். அவ்வாறாயின் புதிதாகிக்கொண்டிருப்பது சைக்கிள் மட்டுமன்று, அதை ஓட்டுபவனும்தான்.

இந்நுட்பங்களினும் எனக்குத் துணைநின்றவை சட்ட நூல்கள். ஒருவன் பிறர் கோதுமையைப் பறித்து மாவாக்கிவிட்டால் அது இன்னும் உரியவனின் பொருள்தானா? பெயரும் பெரும்பயனும் மாறிவிட்டதால் அது வேறு பொருள். பறித்தவன் ஈடு செலுத்தக் கடமைப்பட்டவன் என்பது ஹனஃபீ அறிஞர் முடிவு. உரியவனின் உரிமை அவ்வளவில் அற்றுப்போகாது என்பர் ஷாஃபிஈ அறிஞர். முன்னவர் அளவுகோலைக் கொண்டு பார்த்தால், பெயரும் பயனும் நிலைக்கும்வரை பொருளும் நிலைக்கிறது. வக்ஃபுச் சொத்தின் வருவாயில் முதற்செலவு அதன் பராமரிப்புக்கே என்று அவர்கள் விதித்ததும் இக்கருத்தோடு இசைகிறது. வழங்கியவன் அதை எழுதிவைக்காவிட்டாலும் அதுவே விதி. செப்பனிடாத அறம் நிலைக்காது.

“அதே வண்டிதான்” என்று மகனிடம் கூறினேன். ஆனால் என் விடையைச் சோதிக்கவே வந்தாற்போல் ஒருவர் வந்தார். பழைய சைக்கிள்களைச் சேர்ப்பவர் அவர். நல்ல விலை கேட்டார். எனக்கும் அப்போது பணமுடை. ஆசனக் குழாயின் இணைப்பில் பல்லாண்டுகளுக்கு முன் விழுந்த விரிசலைப் பித்தளை வைத்துப் பற்றவைத்திருந்தது. புதுச்சாயத்தின் கீழ் அது தெரியவில்லை. “பெயரும் பயனும் மாறவில்லையே, சொல்வானேன்?” என்று என் கல்வியே எனக்கு எதிராக வாதாடியது. கற்றவனின் மனம் தனக்கு வேண்டிய தீர்ப்பை எத்தனை விரைவாகக் கண்டெடுத்துவிடுகிறது!

சற்று நேரம் நான் மௌனமாயிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகே உண்மை விளங்கிற்று. “அதேதானா?” என்ற கேள்வி ஒன்றாயினும் கேட்பவர் பலர். ஏறிச் செல்பவனுக்கு அது அதே வண்டி. தந்தையை நினைப்பவனுக்கும் அதே வண்டி. விலை கொடுப்பவனுக்கோ, எது பழையது, எது புதியது, எது உடைந்து ஒட்டியது என்று அறியும் உரிமை உண்டு. குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பித் தர வாங்கியவனுக்கு உரிமையளிக்கும் நம் வணிகச் சட்டம், பொருளின் ஒருமையைப் பற்றிய தத்துவத்தை ஒருநாளும் சாக்காக ஏற்றதில்லை. விரிசலைச் சொன்னேன். அவர் விலையைப் பாதியாகக் குறைத்தார், நான் விற்கவில்லை.

ஆகவே பொருளுக்கு நாம் பட்ட கடன் இரண்டென்று கொள்கிறேன். அதன் பயன் அழியாமல் காப்பது ஒன்று. அதன் வரலாற்றைப் பொய்யாக்காமல் சொல்வது மற்றொன்று. முன்னதை மட்டும் செய்பவன் நல்ல வினைஞன். இரண்டையும் செய்பவனே அமானத்தைப் பேணியவன்.

கழித்த கப்பையும் கோனையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். வண்டியை இப்போது மகன் ஓட்டுகிறான். வாரந்தோறும் சங்கிலிக்கு எண்ணெய் விடுகையில் அந்தப் பித்தளைத் தழும்பையும் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். அதன்மேல் இப்போது சாயம் இல்லை.